ஏழைக் குடியிருப்புகளில் தண்ணீர் மலிவா? பரவும் தகவல் தவறு

"வசதியான புறநகர்க்காரர்கள்தான் தண்ணீருக்குக் காசு கட்டுகிறார்கள், நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் அது கிட்டத்தட்ட இலவசம்" என்றொரு செய்தி பகிரப்படுகிறது. இது தவறு. மாதக் கட்டணத்தை அல்ல, லிட்டர் விலையைப் பார்க்க வேண்டும். குடிசைப் பகுதி மக்கள் அதே நகரத்தின் வசதியானவர்களைவிட லிட்டருக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 மடங்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்கிறது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2006 மனித வளர்ச்சி அறிக்கை.

குழாய் இணைப்புக்கு முன்பணம் வேண்டும், பல இடங்களில் வீட்டு ஆவணமும் கேட்பார்கள். அவை இல்லாதவர்கள் லாரியிலும் கேனிலும் வாங்குகிறார்கள். கைமாறும்போதெல்லாம் விலை ஏறுகிறது. பயன்பாடு கூடக் கூட லிட்டர் விலையும் படிப்படியாக உயரும் கட்டண முறையில் பல குடும்பங்கள் ஒரே மீட்டரைப் பகிர்ந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு வீடும் சிக்கனமாக இருந்தாலும், மொத்த அளவு கூடி மேல்படிக் கட்டணம் விழுந்துவிடும்.

சுமப்பதையும் கணக்கில் சேருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்றால் ஐவர் வீட்டுக்கு 250 லிட்டர்: 20 லிட்டர் கேனில் 13 நடை, நடைக்கு 20 கிலோ. இவ்வளவு சுமக்க முடியாதபோது கை கழுவவும் குளிக்கவும் தண்ணீர் மிஞ்சுவதில்லை. திறந்த பாத்திரத்தில் சேமித்தால் கிருமியைக் கொல்லும் குளோரின் குறைந்துவிடும், கை பட்டுக் கிருமியும் சேரும். மூடியும் திருகுகுழாயும் உள்ள கலன் தேவை.