சிரித்த முகமும் வெந்நீர் வாளியும்

"அந்த சிஸ்டர் நல்லா கவனிச்சுக்கிட்டாங்க" என்று சொல்கிறவர்களிடம் அப்படி என்ன செய்தார் என்று கேட்டால், "சிரிச்ச முகமா பேசுவாங்க" என்பார்கள். சிரித்துப் பேச வேண்டும்தான். எரிந்து விழுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் ராமநாதபுரம் கடலோரத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் எனக்குக் கவனிப்பு என்றதும் நினைவுக்கு வருவது வேறு.

பாம்பன், மண்டபம் பக்கமெல்லாம் திருக்கை மீனின் முள் குத்தி வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். உயிர் போகிற வலி. வள்ளத்தில் கூட வந்தவர்கள் "முதல்ல ஊசியைப் போடுங்க சிஸ்டர்" என்று சத்தம் போடுவார்கள். நாங்கள் வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து வைப்போம். அலட்சியம் என்று கோபம் வரும். ஆனால் திருக்கை விஷம் சூட்டுக்குத் தாங்காது. சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருந்தால் பெரும்பாலும் வலி அடங்கிவிடும். தண்ணீர் ஆறினால் பலன் இல்லை. சூடு கூடினால் தோல் வெந்துவிடும், குத்துப்பட்ட காலுக்கு அந்த வலியில் சூடு சரியாகத் தெரியாது. அதனால் நல்ல காலை முதலில் விட்டுப் பார்க்கச் சொல்லி, "பொறுக்குதா அண்ணே?" என்று கேட்டுக் கேட்டு, ஆற ஆறத் தண்ணீரை மாற்ற வேண்டும். அப்புறம் முள் துண்டு உள்ளே தங்கிவிட்டதா, டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று பார்க்க வேண்டும்.

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பத்தாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். குதிகாலிலும் இடுப்புக்குக் கீழும் தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்போம். சிவப்பு வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் ஆரம்பம். ஒழுங்காகப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் புண்ணே வராது. வராத புண்ணுக்காக யாரும் நன்றி சொல்லிக் கேட்டதில்லை.

மே 12, நர்ஸ்கள் தினம் வந்தால் எங்களைத் தாய் என்கிறார்கள், தேவதை என்கிறார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் எல்லாமே அன்பு சம்பந்தப்பட்டது என்று ஆக்கிவிட்டால் ஆள் பற்றாக்குறை பேச்சிலேயே வராது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிமுறை பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்கிறது. நைட் டூட்டியில் வார்டு முழுவதற்கும் ஒரே ஆள் ஓடிக்கொண்டிருந்தால் அப்பத்தாவை யார் புரட்டுவது?

புகார் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. "முகம் கொடுத்துப் பேசவில்லை" என்பதோடு, அன்றைக்கு அந்த வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்பதையும் எண்ணிச் சேர்த்து எழுதுங்கள்.