பிறமொழி பற்றிய பிள்ளைக் கணக்கும் நம் பாடநோட்டும்

ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் பிறமொழிகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே எண்ணம்தான் வெவ்வேறு வடிவில் வெளிவரும். உலகத்தார் எல்லோரும் மனத்துக்குள் தமிழில்தான் யோசிக்கிறார்கள், வாயைத் திறக்கும்போது மட்டும் அதை ஆங்கிலமாகவோ இந்தியாகவோ மாற்றிச் சொல்கிறார்கள் என்பதே அது. எங்கள் உறவில் ஒரு சிறுமி, மாமல்லபுரத்தில் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்த பயணிகளைப் பார்த்துவிட்டு, "இவங்க வீட்டுக்குப் போனதும் நம்மள மாதிரிதானே பேசிக்குவாங்க?" என்று கேட்டாள். பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை, ஏனென்றால் கையில் இருக்கும் ஆதாரங்களைக் கொண்டு ஒரு பிள்ளை போடக்கூடிய நியாயமான கணக்கு அது.

அந்த ஆதாரங்களில் முக்கியமானது 'க' பாஷை. ஒவ்வோர் எழுத்துக்கு முன்னாலும் ஒரு 'க' சேர்த்தால் 'நீ வா' என்பது 'கநீ கவா' ஆகிவிடும். தெருவில் விளையாடும் பிள்ளைகள் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, பெரியவர்களுக்குப் புரியாமல் மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்கள் தம் கையாலேயே செய்து பார்த்த 'வேறு மொழி' அதுதான். அதில் உள்ளே இருப்பது முழுக்கத் தமிழ், மேலே ஒரு போர்வை. மற்ற மொழிகளும் அப்படித்தான் இருக்கும் என்று பிள்ளை எண்ணுவதில் வியப்பில்லை.

இதற்கும் அடியில் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. பெயர் என்பது பொருளின் மீது நாம் ஒட்டிய ஒன்றல்ல, பொருளுக்குள்ளேயே இருக்கும் குணம் என்று சிறு பிள்ளைகள் நம்புகிறார்கள். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி காலமான 1934-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த அவருடைய நூலில் இதற்கு அருமையான சான்று உண்டு. விளையாட்டுக்காக நாய்க்குப் 'பசு' என்று பெயர் வைத்துக்கொண்டு, அதற்குக் கொம்பு உண்டா என்று கேட்டால் பிள்ளைகள் உண்டு என்கிறார்கள். அது உண்மையில் நாய்தானே என்று நினைவூட்டினாலும், பசு என்று கூப்பிட்டால் சின்னக் கொம்பாவது இருந்துதான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறார்கள். இப்படி நம்பும் பிள்ளைக்கு, தன் மொழியின் பெயர்தான் பொருளின் உண்மையான பெயர், மற்றவை எல்லாம் அதற்குப் போட்ட வேடம்.

இரண்டு மொழிகளில் வளரும் பிள்ளைகளிடம் இந்த நம்பிக்கை சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் ஆப்ரிகான்ஸும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளை ஆராய்ந்த அனிதா இயாங்கோ வோரல், பெயர்களை மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்பதை ஒருமொழிப் பிள்ளைகளைவிட அவர்கள் எளிதாக ஏற்கிறார்கள் என்று 1972-இல் எழுதினார். இதற்காக நாம் தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாசலில் புழங்குகின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம், இரண்டுமே சரியானவை என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பாடமாக நடத்தத் தேவையில்லை. ஆனால் வகுப்பறைக்குள் நுழைந்ததும் அந்த அறிவு எதற்கும் பயன்படாத வீட்டுச் சமாச்சாரமாக ஆகிவிடுகிறது.

எனக்கு உண்மையான வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது. வளர வளரத் தானாகக் கழன்றுபோக வேண்டிய ஒரு தப்பெண்ணத்தை நம் ஆங்கிலப் பாடம் பிடித்து நிறுத்தி வைக்கிறது. பல பள்ளிகளில் இதற்கென்றே ஒரு நோட்டு உண்டு. பக்கத்தை மூன்றாக மடித்துக் கோடு போட்டிருப்பார்கள். முதல் பத்தியில் ஆங்கிலச் சொல், நடுவில் அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில், கடைசியில் தமிழ்ப் பொருள். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. ஆங்கிலம் என்பது சொல் மாற்றிய தமிழ்தான் என்ற பிள்ளையின் பழைய கணக்கை, ஆசிரியரே கையெழுத்துப் போட்டு உறுதி செய்துவிடுகிறார். பிறகு சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால், 'நான் நேற்று கடைக்குப் போனேன்' என்பதை அந்தப் பிள்ளை 'ஐ எஸ்டர்டே ஷாப் டு வென்ட்' என்று எழுதுகிறது. சிவப்பு மையில் அடித்துவிட்டு, கிராமர் வரவில்லை என்கிறோம். தனக்குச் சொல்லிக்கொடுத்த விதியை ஒன்று விடாமல் கடைப்பிடித்த பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசு அது.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடுகிறது; நம் வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுகிறது, அவர்களுடையது பெயருக்கு முன்னால் தனியாக நிற்கிறது. இந்த இரண்டையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலவே வினை கடைசியில்தான் வரும், உருபுகள் பெயருக்குப் பின்னால்தான் வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், தூரத்து மொழி என்றால் நமக்கு முற்றிலும் அந்நியமாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் அங்கேயே உடையும். பிள்ளைகள் இத்தகைய செய்திகளை விரும்பிக் கேட்பார்கள். சொல்வதற்குத்தான் பாடவேளையில் இடமில்லை.

பிறமொழிக்காரர்களின் நாக்கே வேறு மாதிரி என்பது பிள்ளைகளிடம் காணப்படும் மற்றொரு எண்ணம். 'ழ' தமிழருக்கு மட்டுமே வரும் என்று பெருமை பேசும் பெரியவர்களிடமிருந்து அவர்கள் இதைப் பெற்றுக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் மலையாளத்திலேயே அந்த எழுத்து உண்டு. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. நம் 'ட'வுக்கும் 'த'வுக்கும் உள்ளதைப் போன்ற வேறுபாடு கொண்ட இந்தி ஒலிகளை, ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் நன்றாகவே பிரித்து அறிந்தார்கள். ஒரு வயதை நெருங்குவதற்குள் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. பிறவியில் எந்தக் குழந்தைக்கும் குறையில்லை, கேட்டுப் பழகுவதும் பழகாமல் விடுவதும்தான் வித்தியாசம்.

பேசும் விதத்தை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் இதைவிடக் கவலை தருவது. பேச்சை வைத்துக் குழந்தைகள் ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த கேத்தரின் கின்ஸ்லர், எலிசபெத் ஸ்பெல்கி போன்றோரின் பெயர்களை அறியாதவர்களும் இதைத் தம் வீட்டிலேயே காணலாம்: புதிய உச்சரிப்போடு பேசுபவரிடம் சின்னப் பிள்ளை சற்றுத் தயங்கித்தான் நெருங்கும். அந்தத் தயக்கம் இயல்பானது, பழகினால் போய்விடும். நம் சினிமாவோ வடநாட்டுச் சேட்டு பேசும் தமிழை எத்தனையோ படங்களில் நகைச்சுவைக்குப் பயன்படுத்தி, அந்தத் தயக்கத்தை ஏளனமாக மாற்றிக் கொடுத்திருக்கிறது. திருப்பூரில் வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாக்காரரையும் வங்காளியையும் அசாமியரையும் சேர்த்து 'இந்திக்காரங்க' என்று பிள்ளைகள் சொல்வது, வீட்டில் நாம் சொல்வதைக் கேட்டுத்தான்.

அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இப்போது நம் அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படிக்கிறார்கள். வகுப்பில் ஒடியா பேசும் ஒரு பிள்ளை இருந்தால், விருப்பத்தோடு அது தன் மொழியில் ஒரு கதை சொல்லட்டும். மற்றவர்கள் அது என்ன கதை என்று ஊகிக்கட்டும். பிறகு அதே பிள்ளை தமிழில் சொல்லி, எந்த இடத்தில் வாக்கியம் புரண்டது என்று எல்லோரும் சேர்ந்து பார்க்கட்டும். இதற்குப் பணச் செலவு கிடையாது, ஆசிரியர் பயிற்சியில் சிறிது இடம்தான் வேண்டும். அந்த இடம் கிடைக்கும்வரை, மூன்று பத்தி நோட்டையாவது ஆரம்ப வகுப்புகளிலிருந்து எடுத்துவிட்டு, முழு வாக்கியங்களும் சிறு கதைகளுமாக ஆங்கிலத்தைப் பிள்ளைகளின் காதில் விழச் செய்யுங்கள் என்று ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.