காஸ்கெவி பழைய பிழையைத் திருத்துவதில்லை

சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் நோய்க்கான காஸ்கெவி என்ற மரபணு மாற்றச் சிகிச்சை, நோய்க்குக் காரணமான மரபணுப் பிழையைத் திருத்திவிடுகிறது என்றும், இனி அந்தக் குடும்பத்தில் நோயே வராது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இவ்விரண்டு கூற்றுகளுமே தவறானவை.

ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில் ஒரேயொரு டிஎன்ஏ எழுத்து, 'ஏ' என்பது 'டி' என்று மாறியிருப்பதே இந்நோயின் காரணம். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த இச்சிகிச்சை அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது உருவாகும் கருநிலை ஹீமோகுளோபினின் உற்பத்தியைப் பிறந்த பிறகு அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ என்ற வேறொரு மரபணுவை, சிவப்பணுவாக வளரும் செல்களில் முடுக்கிவிடும் சிறு பகுதியைத்தான் அது குறிவைக்கிறது. வழிகாட்டி ஆர்என்ஏ காட்டும் இடத்தில் கேஸ்9 நொதி டிஎன்ஏவின் இரு இழைகளையும் வெட்டுகிறது. செல் அந்த வெட்டை ஒட்டும்போது சில எழுத்துகள் விடுபடுகின்றன அல்லது கூடிவிடுகின்றன. அதனால் பிசிஎல்11ஏவின் அடக்குதல் தளர்ந்து, கருநிலை ஹீமோகுளோபின் மீண்டும் பெருகி, சிவப்பணுக்கள் அரிவாளாக வளைவதைத் தடுக்கிறது. பிழையைத் தொடாமலேயே அதன் விளைவை முறியடித்த இந்த நுட்பத்தை வெறும் 'திருத்தம்' என்று சுருக்குவது அந்த ஆய்வுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

இரண்டாவது தவறு இன்னும் கவலைக்குரியது, ஏனெனில் அதை நம்பிக் குடும்பங்கள் முடிவெடுக்கக்கூடும். நோயாளியின் இரத்த ஸ்டெம் செல்களை (இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களை) வெளியே எடுத்து, ஆய்வகத்தில் மாற்றி, கீமோதெரபியால் எலும்பு மஜ்ஜையில் இடம் ஏற்படுத்திய பின்னரே திரும்பச் செலுத்துகிறார்கள். கருமுட்டையும் விந்தணுவும் மாற்றப்படுவதில்லை. ஆகவே, சிகிச்சை பெற்றவரிடமிருந்தும் பிழையுள்ள அந்த மரபணு பிள்ளைகளுக்குச் செல்லும். துணைவருக்கு மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும் தேவை அப்படியே இருக்கிறது.