துக்க வீட்டில் பேசுகிற பேச்சா?

மைதானத்தில் சுருண்டு விழுந்து இறந்த அந்தப் பையனைப் பற்றி மூன்று நாட்களாக எழுதித் தீர்த்துவிட்டீர்கள். காரணம் ஜிம்மாம், புரோட்டாவாம், தடுப்பூசியாம், கண்ணேறாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: அவன் தங்கைக்கு ஈசிஜி எடுத்தார்களா? அதற்குத்தான் 'துக்க வீட்டில் பேசுகிற பேச்சா இது' என்று ஓர் அண்ணன் பாய்ந்திருக்கிறார்.

அவனுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. என் தம்பிக்கு இருந்தது தெரியும். விடிகாலை அலாரம் அடித்ததும் கட்டிலிலேயே விறைத்துப் போனான். வலிப்பு என்றார்கள். மூளை ஸ்கேன் எடுத்தார்கள், இரண்டு வருடம் வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள். அம்மா தலையணைக்கு அடியில் சாவிக்கொத்து வைத்திருப்பாள், கையில் திணிக்க. மூன்றாம் முறை சாவிக்கொத்தும் உதவவில்லை. பிரேதப் பரிசோதனையில் இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று எழுதினார்கள்.

ஒரு வருடம் கழித்து வேறு எதற்கோ எனக்கு ஈசிஜி எடுத்த டாக்டர், அந்தத் தாளில் ஸ்கேல் வைத்து இரண்டு முறை அளந்தார். பிறகு, "வீட்டில் சின்ன வயதில் யாராவது இறந்தார்களா?" என்றார். லாங் க்யூடி என்கிற பரம்பரை நோய். கோளாறு இதயத்தின் மின்னோட்டத்தில், துடிப்பு திடீரென்று தாறுமாறாகிவிடும். நின்றுபோன இதயத்தை அறுத்துப் பார்த்தால் என்ன தெரியும்? சிலருக்கு ஓடும்போதும் நீந்தும்போதும் வரும், சிலருக்குத் திடீர்ச் சத்தத்தில். இன்று புரோப்ரனலால் என்கிற இதய மாத்திரையில் ஓடுகிறது என் காலம். வீட்டில் அலாரம் கிடையாது.

'ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ஈசிஜி எடுக்க முடியுமா?' என்கிறீர்கள். இத்தாலியில் 1982 முதல் விளையாட்டு வீரர்களுக்கு எடுக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. இறந்தவனின் கூடப்பிறந்தவர்களுக்கு எடுங்கள் என்கிறேன். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் ஈசிஜியில் தெரியாமலும் போகலாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எடுக்கவே கூடாதா? 'எல்லாம் விதி' என்பவர்களுக்கு வணக்கம், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்டி ஓட்டுங்கள்.

எங்கள் குடும்பத்தில் இது அப்பா வழி. அத்தையிடம் போய், மகளுக்கு ஒரு ஈசிஜி எடுங்கள் என்று கெஞ்சினேன். "வரன் பார்க்கிற நேரத்தில் இதயத்தில் ஓட்டை என்று ஊரைப் பேச வைக்கப் பார்க்கிறாயா?" என்றார். ஓட்டை இல்லை அத்தை என்று விளக்குவதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டார். போன மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். எனக்கு மட்டும் அழைப்பு இல்லை. ஈசிஜி எடுத்துவிட்டு அழைக்காமல் விட்டிருந்தால் சந்தோஷமாக வீட்டிலேயே இருந்திருப்பேன்.