மாடி போர்ஷன் வாடகைக்கு

வீட்டுக்காரம்மா: மாடி போர்ஷன் காலிதான் தம்பி. பத்து மாச அட்வான்ஸ். மோட்டார் காலையில ஒரு தடவைதான் போடுவேன். கல்யாணப் பரிசு பாத்திருக்கியா?

பையன்: யாரு கல்யாணத்துலம்மா?

வீட்டுக்காரம்மா: படம்பா! 1959. அதுவரைக்கும் கதை வசனம் எழுதிட்டிருந்த ஸ்ரீதர் முதல்முதலா டைரக்ட் பண்ணது. எனக்கு ரெண்டு பொண்ணுங்க, அதான் கேக்குறேன்.

பையன்: அதுக்கும் வாடகைக்கும்...?

வீட்டுக்காரம்மா: ஜெமினி கணேசன், அதாவது பாஸ்கர். அவனும் சரோஜாதேவி வசந்தியும் காதலிக்கிறாங்க. பய எங்க குடி வர்றான்? வசந்தி வீட்டு மாடிக்கே! கீழ அக்கா கீதா, விஜயகுமாரி. அவளுக்கும் பாஸ்கரைப் பிடிச்சுப்போச்சு.

பையன்: "அக்கா, இவர் என் ஆளு"ன்னு வசந்தி சொல்லிட வேண்டியதுதானே?

வீட்டுக்காரம்மா: அங்கதான் ஸ்ரீதர் பூட்டு போட்டார். அக்கா முந்திக்கிட்டுச் சொல்லிட்டா! அவ மனசு நோகக்கூடாதுன்னு தங்கச்சி வாயை மூடிட்டா. பாஸ்கரையே கெஞ்சி, அக்காவுக்குக் கட்டியும் வெச்சிட்டா. ஒரு நாள் முன்னாடி பேசியிருந்தா மூணாவது ரீல்லயே வணக்கம் போட்டிருப்பாங்க.

பையன்: அப்ப துரோகி யாரும்மா?

வீட்டுக்காரம்மா: அதான் வயித்தெரிச்சல். வில்லன் இருந்தா நாலு திட்டு திட்டிட்டு வரலாம். மூணு பேரும் நல்லவங்க, யாரைத் திட்டுறது? கொட்டகையில இருக்கிற அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், கீதாவுக்கு மட்டும் தெரியாது. அவ சிரிக்கச் சிரிக்க நமக்குப் பகீர்ங்கும். பாட்டும் விடாது. "உன்னைக் கண்டு நானாட", தீபாவளிப் பாட்டு, சுசீலா பாடினப்ப அவ்வளவு குஷி. அதே பாட்டை, மெட்டுப்போட்ட ஏ.எம். ராஜாவே பின்னால சோகமா பாடுவார். பழகின மெட்டுல்ல, அழுகை கேக்காமலே வரும்.

பையன்: படம் பூரா அழுகைதானா?

வீட்டுக்காரம்மா: தங்கவேலு எதுக்கு இருக்கார்? வேலைவெட்டி இல்லாம "மன்னார் அண்ட் கம்பெனி"யில வேலைன்னு பொண்டாட்டிகிட்ட புளுகுவார். அவர் மறைச்சா சிரிப்பு, இவங்க மறைச்சா சாவு. ஆமா, நீ எங்க வேலை பாக்குற?

பையன்: அம்பத்தூர்ல ஒரு பிரைவேட் கம்பெனி...

வீட்டுக்காரம்மா: பேரு?

பையன்: மன்னார் இல்லம்மா! இந்தாங்க, ஐடி கார்டு.

வீட்டுக்காரம்மா: படத்துக் கடைசியில கீதா செத்துப்போயிடுறா. பாஸ்கர் குழந்தையைத் தூக்கிட்டு வசந்தியைத் தேடி ஓடுறான். அங்க தாலி ஏறியாச்சு, மாப்பிள்ளை நாகேஸ்வர ராவ். பெத்த குழந்தையையே பரிசா குடுத்துட்டு நடையைக் கட்டுறான். மொய் எழுதுறதுக்கு ஒரு அளவு வேணாம்?

பையன்: அம்மா, பயப்படாதீங்க. நான் ஏற்கெனவே ஒரு பொண்ணை விரும்புறேன்.

வீட்டுக்காரம்மா: ரொம்ப சந்தோஷம். அந்தப் பொண்ணுக்கு அக்கா உண்டா?

பையன்: இருக்காங்க.

வீட்டுக்காரம்மா: கல்யாணம் ஆயிடுச்சா?

பையன்: இன்னும் இல்ல.

வீட்டுக்காரம்மா: அவளுக்கு விஷயம் தெரியுமா?

பையன்: சொல்லலம்மா. ஆனா என்கிட்ட ரொம்பப் பாசம். ஞாயித்துக்கிழமைகூட பிரியாணி செஞ்சு குடுத்தனுப்பினாங்க.

வீட்டுக்காரம்மா: அட்வான்ஸ் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல உன் ஆளுக்குப் போனைப் போடு. ஸ்பீக்கர்ல.