பந்தாட்ட மைதானத்தில் எச்.ஐ.வி. பற்றிப் பேசுவோம்

இதை என் பெரியம்மா மகளிடம் படித்துக் காட்டி, அவள் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். ஊர் பெயர் வேண்டாம் என்றாள். கோத்தகிரிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2009-இல் அக்கா முதல் பிரசவத்துக்காக மருத்துவமனைக்குப் போனாள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ஒரே வாரத்தில் எஸ்டேட் லைன் வீடுகள் முழுவதும் அதே பேச்சு. மாமியார் வீட்டில் அவளுக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைத்தார்கள். வீட்டுக்கு நோயைக் கொண்டுவந்தவள் அவள்தான் என்று முடிவு கட்டினார்கள். ஏனென்றால் சோதனைச் சீட்டில் இருந்தது அவள் பெயர் மட்டும்தான். மாமா, அதாவது அக்காவின் கணவர், சோதனைக்கே போகவில்லை.

மாமா எங்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் லோடு கொண்டுபோகும் லாரி ஓட்டுநர். எத்தனை மணிக்கு மலையேறி வீடு திரும்பியிருந்தாலும் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மைதானத்தில் நிற்பார். பனிமூட்டத்தில் எதிர்க் கம்பம் தெரியாத நாட்களிலும், பந்தை உதைக்கும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று கணித்துவிடுவார். மருத்துவமனையிலிருந்து மூன்று முறை ஆளனுப்பியும் போகாத அதே மனிதர், அணித் தலைவர் கூப்பிட்டால் காய்ச்சலோடும் வந்து நிற்பார். எங்களில் ஒருவர்கூட, நான் உட்பட, "வாருங்கள் மாமா, நானும் கூட வருகிறேன், இருவரும் சோதித்துக்கொள்வோம்" என்று சொல்லவில்லை. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒரு நாளும் வாங்காமல், காசநோய் முற்றி 2012-இல் இறந்தார். பிரசவ நேரத்தில் கொடுத்த மருந்தால் மகன் தப்பினான். அக்கா மாத்திரைகளை விடாமல் எடுத்துக்கொண்டு நலமாக இருக்கிறாள், எஸ்டேட் வேலைக்கும் போகிறாள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், பாலியல் தொழில் செய்த பெண்களின் இரத்த மாதிரிகளில். அந்தப் பெண்களிடம் வந்துபோன ஆண்களின் இரத்தத்தை யார் கேட்டார்கள்? அன்று தொடங்கியது இன்றும் மாறவில்லை. கர்ப்பிணி என்றால் சோதனை உண்டு. ஆணுக்கு மருத்துவமனை வாசலை மிதிக்க ஒரு காரணமும் இல்லை, விபத்தோ மஞ்சள் காமாலையோ வந்தாலொழிய. மனைவியின் சீட்டைப் பார்த்துத்தான் பல ஆண்கள் தங்கள் நோயைத் தெரிந்துகொள்கிறார்கள். அதற்குள் பழி அவள் தலையில் விழுந்துவிடுகிறது. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் மலையில் ஆண்கள் தாமாகவே, யாரும் அழைக்காமல், வாரம் தவறாமல் கூடும் இடம் ஒன்று உண்டு. காந்தி மைதானமாக இருக்கட்டும், படுகர் ஊரான ஹட்டிக்குப் பக்கத்தில் தேயிலைக்கு நடுவே சமன்படுத்திய துண்டு நிலமாக இருக்கட்டும், ஓட்டுநரும் மண்டிக்காரரும் விடுமுறையில் வந்த ராணுவ வீரரும் சேர்ந்து நிற்கும் இடம் அது. எச்.ஐ.வி. தடுப்புப் பேச்சு அங்கே வர வேண்டும். உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 அன்று மாணவர்களுக்கு டி-ஷர்ட் கொடுத்து ஓடவிடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முப்பது வயது லாரி ஓட்டுநர் அந்த ஓட்டத்தில் இல்லை.

ஆப்பிரிக்காவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரில் 2002-இல் சில கால்பந்து வீரர்கள் சேர்ந்து தொடங்கிய 'கிராஸ்ரூட் சாக்கர்' அமைப்பின் பயிற்சிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மைதானத்தில் கூம்புகளை நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆபத்தின் பெயர் வைப்பார்கள்: ஆணுறை இல்லாத உறவு, குடி, பலருடன் தொடர்பு. பந்தைத் தட்டிக்கொண்டு போகும்போது கூம்பில் இடித்தால் இடித்தவர் தண்டால் எடுக்க வேண்டும். அடுத்த சுற்றில் அவருடைய கூட்டாளிகளும் எடுக்க வேண்டும். கடைசிச் சுற்றில் ஒருவர் இடித்தாலும் அணி முழுவதும் எடுக்க வேண்டும். ஒருவன் செய்த தவறு யார் யார் உடம்பில் போய் இறங்கும் என்பது மூச்சு வாங்கும்போது புரியும். நமக்குக் கூம்புகூட வேண்டாம். செங்கல்லும் செருப்பும் போதும்.

அங்கே இன்னொன்றும் செய்தார்கள். ஆண்களுக்கு விருத்தசேதனம், அதாவது ஆணுறுப்பின் முன்தோலை நீக்கும் சிகிச்சை, செய்தால், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறையும் என்று தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. புலவாயோவில் அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்ட பயிற்சியாளரே தன் அனுபவத்தை அணிக்குச் சொன்னார். அமர்வு ஒரு மணி நேரம்தான். அதன் பிறகு தொலைபேசியில் பேசி, தயங்கியவர்களுக்கு மருத்துவமனை வரை துணையாகவும் போனார்கள். இதனால் வந்தவர்கள் பெருங்கூட்டம் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்காத அணிகளைவிடத் தெளிவாகக் கூடுதல். அந்தச் சிகிச்சை தொற்று மிகப் பரவலாக உள்ள நாடுகளுக்கானது. அதை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. தெரிந்தவர் தன் கதையைச் சொல்லி, கூடவே நடந்து வந்ததைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஒரு தவறு மட்டும் நேரக் கூடாது. போட்டி நடக்கும் இடத்திலேயே மேசை போட்டு இரத்தம் எடுக்க வேண்டாம். சின்ன ஊர். யார் வரிசையில் நின்றார், யார் முகம் வாடித் திரும்பினார் என்று மாலைக்குள் டீக்கடையில் பேசுவார்கள். அக்காவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் சோதிப்பதையும், அவருடைய நிலையை வெளியே சொல்வதையும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. மைதானத்தில் பேச்சு, எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் சோதனை. குன்னூரோ ஊட்டியோ கோவையோ, தெரிந்த முகம் இல்லாத ஊருக்கே போகட்டும். 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண்ணை அணியின் ஒவ்வொரு கைப்பேசியிலும் சேமித்து வைக்கலாம்.

அணியில் ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் சேர்ந்து ஆடலாமா என்று என்னிடம் ஒரு தம்பி கேட்டான். ஆடலாம். வியர்வையிலோ எச்சிலிலோ பரவாது. காயம் பட்டு இரத்தம் வந்தால், யாராக இருந்தாலும் வெளியே வந்து கட்டுப்போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை 1991 நவம்பரில் உலகத்துக்கே சொன்னார். மறு ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அந்த நாளிலும் கூட ஆடிய சிலர் பயந்தார்கள். இன்று மருந்து அதைவிடப் பல மடங்கு முன்னேறிவிட்டது. ஒழுங்காக எடுத்துக்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே நீடித்தால், உறவின் வழியாகத் துணைக்குத் தொற்றாது. இந்த ஒரு செய்தி மாமாவின் காதில் விழுந்திருந்தால் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

கோடைப் போட்டிக்கு முன் மூன்று ஞாயிறுகளில், பயிற்சி முடிந்ததும் அரை மணி நேரம் பேசலாம் என்று இரண்டு அணித் தலைவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம்பிக்கை மைய ஆலோசகர் ஒருவரும் வருகிறார். அதற்கு முன்பே நான் போய்ச் சோதித்துக்கொண்டேன். எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று என் வாயால் சொல்வேன். மற்ற அணிக்காரர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், உங்கள் மைதானத்துக்கும் வருகிறோம். அக்காவும் வருவாள், பேசுவதற்கு அல்ல. இந்த ஆண்டு ஜூனியர் அணியில் அவள் மகன் இடது ஓரத்தில் ஆடுகிறான்.