நிற்கிற கிரேனை ஆபரேட்டர் எப்படி ஓட்டுவார்?

தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு தாமதமானால் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் சரி, மேலூர் கிரானைட் பட்டறைகளிலும் சரி, முதலில் வருகிற பேச்சு "கிரேன்காரன் மெதுவா ஓட்டுறான்" என்பதுதான். மதுரையிலிருந்து கண்டெய்னர் பெட்டி அனுப்புகிற தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன், இது அநியாயமான பேச்சு.

கப்பலில் பெட்டி ஏற்றி இறக்குகிற கரைக் கிரேனில் மணிக்கு 25 முதல் 30 பெட்டி என்பது நல்ல வேகம். 30 என்றால் பெட்டிக்கு இரண்டே நிமிடம். ஏறக்குறைய பத்து மாடி உயரத்தில், கிரேனின் கையோடு முன்னும் பின்னும் ஓடுகிற கேபினில் ஆபரேட்டர் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் கண்ணாடி. குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே கீழே பார்த்தபடியே வேலை. கடல்காற்றில் கம்பிவடத்தில் ஆடுகிற ஸ்பிரெடரை, அதாவது பெட்டியைப் பிடித்துத் தூக்குகிற சட்டத்தை, அது போகிற பக்கமே கேபினையும் கொஞ்சம் நகர்த்தி அடக்க வேண்டும். பெட்டியின் நான்கு மூலைத் துளையிலும் சரியாக உட்கார்ந்தால்தான் ட்விஸ்ட் லாக் என்கிற பூட்டு திரும்பும். பூட்டியாச்சு என்று விளக்கு எரிந்த பிறகுதான் தூக்கலாம். இப்படியே வேலை பார்த்தால் கழுத்தும் முதுகும் என்னத்துக்கு ஆகும்?

சரி, அவர் தயார். கீழே டிரெய்லர் இல்லையே! வண்டி வர நான்கு நிமிடம் ஆனால் இரண்டு பெட்டி போச்சு. பெட்டிகளை அடுக்கி வைக்கிற யார்டில் வேண்டிய பெட்டி அடியில் கிடந்தால், மேலே இருப்பதையெல்லாம் நகர்த்தியாக வேண்டும். கப்பலில் பெட்டிகளை இறுக்கிக் கட்டிய லேஷிங் கம்பி அவிழ்க்கவில்லை, சரக்கறையின் மேல்மூடியான ஹேட்ச் கவர் திறக்கவில்லை என்றாலும் கிரேன் நிற்கும். இத்தனையும் சேர்ந்துதான் அந்த எண். பழி மட்டும் ஆபரேட்டர் தலையில்.

நம் பங்கை நாம் பேசுவதே இல்லை. கடைசி நாள் வரை பேக்கிங்கை இழுத்துவிட்டு, எல்லா டிரெய்லரையும் ஒரே ராத்திரியில் அனுப்பி கேட்டில் வரிசை கட்ட வைக்கிறோம். அப்புறம் எடை. 2016 ஜூலை 1 முதல் பெட்டியின் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுப்பது சர்வதேச விதி. இன்னமும் குத்துமதிப்பாக எழுதுகிறவர்கள் உண்டு. கிரானைட் ஏற்றிய பெட்டியைக் குறைத்து எழுதினால் மேலடுக்கில் இடம் போடுவார்கள். தூக்கும்போது உண்மை எடை தெரிந்தால் வேலை நிற்கும். தெரியாமல் போனால் அடியில் இருக்கிற பெட்டிக்கு ஆபத்து.

2024 செப்டம்பரில் தூத்துக்குடியில் புது கண்டெய்னர் முனையம் திறந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெட்டி எண்ணிக்கையை வைத்து மட்டும் ஆபரேட்டரை விரட்டினால், கீழே நின்று பெட்டியின் அடியில் மாட்டியிருக்கிற ட்விஸ்ட் லாக்கைக் கழற்றுகிற தொழிலாளிகளுக்குத்தான் ஆபத்து. டிரெய்லருக்காகக் கிரேன் காத்திருந்த நிமிடங்களைத் தனியாகக் கணக்கெழுதி வெளியிடச் சொல்லி நம் ஏற்றுமதியாளர் சங்கங்கள் கேட்க வேண்டும். அந்தக் கணக்கு வரும்வரை யாரும் ஆபரேட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.